வாத்தா, மாடா? ஒரு கண்மாய்ப் பாசனத்தில் கால் அரிப்பும் நத்தைகளும்

ஐப்பசி நடவு தொடங்கிய மூன்றாம் நாள் இரவு சித்தி போன் செய்தார். "ஏத்தா, நீ புழு பூச்சியெல்லாம் படிச்சவதான? நடவுக்குப் போன அத்தனை பேரு காலும் தடிச்சுக் கெடக்கு. ஆசுபத்திரியில சிரங்குன்றாக. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றார். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். வைத்தியம் தெரிந்தவள் இல்லை. ஆனாலும் "நடவுக்குப் போன அத்தனை பேரு" என்று அவர் சொன்னது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. சிரங்கு வீட்டுக்குள் பரவும். பிள்ளையிடமிருந்து தாய்க்கு வரும், தாயிடமிருந்து தகப்பனுக்குப் போகும். வேலைக்குப் போன கூட்டத்தோடு அது நின்றுவிடாது.

சித்தியின் ஊர், பேரணைக்கும் கள்ளந்திரிக்கும் இடையே பெரியாறு பிரதானக் கால்வாயின் இருபோகப் பாசனத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. இந்த விவகாரத்தில் ஒரு மனிதரை ஊரே சேர்ந்து வெளியேற்றியது. இப்போது அதற்காக வருத்தப்படுகிறவர்களை மறுபடி சபையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே ஊர் தீர்ப்பை எழுதிவிட்டிருந்தது. முதல் போகம் அறுத்த தாளடியில் மேய்க்க, பத்து நாளைக்கு முன் ஒரு வாத்துக்காரர் பட்டியோடு வந்திருந்தார். வாத்து கண்மாயில் இறங்கியது, வயலில் இறங்கியது, தண்ணீரில் எச்சமிட்டது. நடவு தொடங்கியதும் அரிப்பு வந்தது. வேறென்ன வேண்டும்? சாவடியில் கூடிப் பேசி, அபராதம் போட்டு, விடியுமுன் பட்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டார்கள். யூரியாவைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் யூரியா விதைப்பவர் உள்ளூர்க்காரர், வாத்துக்காரர் வெளியூர்க்காரர்.

வாத்தைச் சந்தேகித்ததில் அறிவியலுக்குப் புறம்பாக எதுவும் இல்லை. அதைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். தண்ணீரில் இறங்கினால் வரும் இந்த அரிப்பை 1928-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் கார்ட் என்ற ஆய்வாளர் இனங்கண்டார். ஏரி நத்தைகளைக் கையாண்ட தன் கையிலேயே அந்தத் தடிப்பைக் கண்டு, நத்தையிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணியின் நீந்தும் பருவமே அதற்குக் காரணம் என்று காட்டினார். அந்தப் பருவத்துக்குச் செர்காரியா என்று பெயர். குளிர்நாட்டு ஏரிகளில் இந்த வேலையைச் செய்பவை பெரும்பாலும் வாத்து முதலான நீர்ப்பறவைகளின் ரத்தத்தில் வாழும் டிரைக்கோபில்ஹார்சியா வகைத் தட்டைப்புழுக்கள். ஆக, வாத்து குற்றவாளியாக இருக்க இடமிருந்தது. ஆனால் நம் ஊர்த் தண்ணீரில் இதே வேலையைச் செய்யக்கூடிய இன்னொரு கூட்டம் உண்டு. மாடு, எருமை, ஆட்டின் ரத்தக் குழாய்களில் வாழும் சிஸ்டோசோமா வகைப் புழுக்கள் அவை. இரண்டில் எது என்பதை மனிதக் கால் சொல்லாது. நத்தைதான் சொல்லும். அதுவும், எந்த நத்தை என்று கேட்கத் தெரிந்தால்தான் சொல்லும்.

கால்கள் சொன்னது

சித்தி வீட்டுத் திண்ணையில் பதினோரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டினார்கள். கணுக்காலிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை சிவந்த சிறு பருக்கள். சிலவற்றின் நுனியில் நீர்க் கொப்புளம். மேலே ஒரு கோடு போட்டதுபோல் நின்றிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிச் சேற்றில் நின்றபோது தண்ணீர் எட்டிய உயரம் அது. கையில் முன்னங்கை வரை, நாற்றை ஊன்றக் கை முங்கிய இடம் மட்டும். உள்ளங்கால் சுத்தம். விரல் இடுக்கும் சுத்தம். சேற்றுப்புண் விரல் இடுக்கில்தான் வரும். சிரங்கும் அங்கேயும் மணிக்கட்டிலும்தான் குடியேறும், ராத்திரி படுத்தால் உயிரை எடுக்கும். இவர்கள் சொன்ன கதை வேறு. கரையேறி ஈரம் காயும்போது சுருக் சுருக்கென்று ஒரு குத்தல், அப்புறம் ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் தடிப்பு. மூன்றாம் நாள் தாங்க முடியாத அரிப்பு.

கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் நாலைந்து சிவப்புப் புள்ளிகளோடு முடிந்திருந்தது. ஆவணியில் கல்யாணமாகி வந்த பெண், மானாமதுரைப் பக்கம். இந்தத் தண்ணீரில் இறங்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. "வயசுப் புள்ள, ரத்தம் சுத்தமா இருக்கு" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. உண்மையில் அது ரத்தத்தின் நினைவு பற்றிய விஷயம். இந்தப் புழுக்குஞ்சு மனிதத் தோலுக்குள் புகுந்ததும் வழி தெரியாமல் அங்கேயே செத்துப்போகிறது. அதன் சடலத்தை உடம்பு எதிர்ப்பதுதான் அரிப்பு. முதல் தடவை உடம்புக்கு அதை அடையாளம் தெரியாது. வருடா வருடம் இறங்கியவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால் எதிர்ப்பும் பலமாக இருக்கும். சித்திக்கு நாற்பது வருட நடவு அனுபவம். கால் பார்க்கவே சகிக்கவில்லை. சிரங்கும் உரமும் இப்படி ஆளுக்கு ஆள் அனுபவத்தின் அளவில் மாறாது. திண்ணையிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

அடுத்து, யார் எந்த வயலில் நட்டார்கள் என்று கேட்டேன். கண்மாய்க்கு இரண்டு மடை. மேலமடைத் தாக்கில் நட்டவர்களுக்கெல்லாம் அரிப்பு. கீழமடையில் நட்ட இன்னொரு கூட்டத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். சேற்றுப்புண் தவிர ஒன்றுமில்லை. வாத்துப் பட்டி எங்கே அடைந்திருந்தது என்று கேட்டதற்கு, "கீழமடையிலதான்" என்றார்கள். சொல்லிவிட்டு அவர்களே ஒரு கணம் பேசாமல் நின்றார்கள். பிறகு ஒருவர், "தண்ணி எல்லாம் ஒண்ணுதான டீச்சர்" என்றார்.

தண்ணீர் ஒன்றல்ல. கண்மாயை மேலிருந்து ஒரே தகடாகப் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. மேலமடை அருகே கரை சரிவாக இருப்பதால் அங்கே மாட்டுத் துறை. மத்தியானம் எருமைகள் கழுத்தளவு கிடக்கும், மாடுகள் குடிக்க இறங்கும். சாணமும் மூத்திரமும் விழுந்து தண்ணீர் செழித்து, ஓரமெல்லாம் ஆகாயத்தாமரையும் பாசியும். அலை கிடையாது. ஆழம் முழங்காலுக்குக் கீழே. கீழமடைப் பக்கம் கரை செங்குத்து, தண்ணீர் ஆழம், தென்மேற்குக் காற்று நேராக அடிக்கும் இடம். ஒரே கண்மாய்க்குள் நத்தைக்கு இவை இரண்டு வேறு ஊர்கள்.

ஊமச்சிகளைப் பிரித்தல்

மறுநாள் காலை மாவுச் சல்லடையைக் கம்பில் கட்டிக்கொண்டு மேலமடையில் இறங்கினேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் உறை. சித்தி கரையில் நின்றுகொண்டு, "என்னத்துக்கு ஊமச்சியப் பொறுக்குற?" என்றார். அவருக்குச் சமைக்கத் தகுந்த பெரியது நத்தை, மற்றதெல்லாம் ஊமச்சி. அவர் தேவைக்கு அந்த வகைப்பாடு போதும். எனக்கு இன்னும் நாலைந்து பிரிவு வேண்டியிருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது மூடி. நத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது வாயைக் கதவுபோல் ஒரு தகடு அடைக்கிறதா? அடைத்தால் அது மூடியுள்ள கூட்டம். சித்தியின் சமையல் நத்தையான பைலா இதில் சேரும். அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கோடையில் கண்மாய் வற்றினால் மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். கொட்டைப்பாக்கு அளவில் பச்சைக்கோடு ஓடிய கூடு பெல்லாமியா பெங்காலென்சிஸ். முட்டையிடாமல் குட்டி போடும் நத்தை. ஆணி போல் நீண்டு முறுக்கியது மெலனாய்ட்ஸ் டியூபர்குலேட்டா. இதில் ஆண் துணையில்லாமல் பெண்களே பெண்களைப் பெற்றுக்கொண்டிருக்கும். ஒன்றே ஒன்று வந்து விழுந்தாலும் ஒரு வாய்க்கால் நிறைந்துவிடும்.

மூடியில்லாதவை இன்னொரு கூட்டம். இவை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை உள்ளிழுக்கும் நத்தைகள். கூட்டின் கூர்நுனியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். வாய் வலப்பக்கம் திறந்து, கூடு கண்ணாடி போல் மெல்லியதாக, உணர்கொம்பு தட்டை முக்கோணமாக இருந்தால் லிம்னியா. வாய் இடப்பக்கம் திறந்தால் ஃபைசா. அது வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது. கூர்நுனியே இல்லாமல், தட்டில் சுற்றிய முறுக்குப்போல் தட்டையாகச் சுருண்டிருந்தால் இண்டோபிளானோர்பிஸ் எக்ஸஸ்டஸ். வளர்ந்தது சுமார் 2 செ.மீ. அகலம் வரும். அதைச் சற்று அழுத்தினால் சிவந்த நீர் கசியும். நத்தைகளில் இது அரிது. பெரும்பாலான நத்தைகளின் ரத்தத்தில் செம்பு சேர்ந்த நீலப் பொருள் ஓடும். இதற்கு நம்மைப்போல் ஹீமோகுளோபின். மாட்டுத் துறையின் மூச்சு முட்டும் தண்ணீரில் அது தழைப்பதன் ரகசியம் அந்தச் சிவப்பு.

மேலமடை ஓரத்தில் ஆகாயத்தாமரை இலையைத் திருப்பிய இடமெல்லாம் இந்தத் தட்டைச் சுருள். இலை அடியில் ஜவ்வரிசிக் கூழ்போல் அதன் முட்டைத் திரள். கீழமடையில் மெலனாய்ட்ஸும் பெல்லாமியாவும் நிறைய, லிம்னியா கொஞ்சம். தட்டைச் சுருளைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இந்த நத்தையின் பெயர்க் கதையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். எக்ஸஸ்டஸ் என்ற இனப்பெயரை 1830-களில் பிரெஞ்சு ஆய்வாளர் தெஷாயே வைத்தார். 1921-இல் நெல்சன் ஆனண்டேலும் பைனி பிரசாதும், இது ஐரோப்பியத் தட்டைச் சுருள்களோடு சேராது என்று கண்டு, இண்டோபிளானோர்பிஸ் என்று தனிப் பேரினம் அமைத்தார்கள். 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனண்டேல்; பிரசாத் பின்னாளில் அதன் முதல் இந்திய இயக்குநரானார். ஒரே இனம் கொண்ட பேரினமாகத்தான் நூறு வருடமாகப் பாடம் நடத்துகிறோம். அண்மைய மரபணு ஆய்வுகளோ, ஆசியா முழுக்க ஒன்றுபோல் தோன்றும் இந்தச் சுருளுக்குள் ஆழமாகப் பிரிந்த பல மரபுக்கிளைகள் இருப்பதைக் காட்டியிருக்கின்றன. மேலே நான் சொன்ன "மூடியுள்ளவை" கூட்டத்துக்கும் அதே கதிதான். என் மாணவப் பருவத்தில் அது ஒரு துணைவகுப்பு. இப்போது அது இயற்கையான குலமல்ல என்று கலைத்துவிட்டார்கள். மூடி என்பது தூரத்து உறவினர் பலரும் வைத்திருக்கும் பழைய சொத்து. ஆனாலும் வயல் வரப்பில் உட்கார்ந்து பிரிக்க மூடிதான் உதவுகிறது. குலம் சொல்லும் வகைப்பாடு வேறு, கையில் எடுத்துப் பிரிக்கும் சாவி வேறு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, பெயர் மாறிவிட்டதால் பழைய சாவி பொய் என்று நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

தம்ளர்கள்

கீழமாசி வீதிக் கடையில் மலிவான கண்ணாடித் தம்ளர்கள் வாங்கி வந்து, சித்தி வீட்டு மொட்டைமாடியில் வரிசையாக வைத்தேன். குளோரின் இல்லாத கிணற்றுத் தண்ணீர், தம்ளருக்கு ஒரு நத்தை, வெயில் ஏறும் நேரம். உள்ளே புழு முதிர்ந்திருந்தால், வெளிச்சமும் கதகதப்பும் பட்டதும் செர்காரியாக்கள் நத்தையின் சதையைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்கு வரும். ஒரே நத்தை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் விடும். கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்தால் ஊசிமுனைத் துகள்கள் துள்ளுவது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

முதல் நாள் ஒரு தட்டைச் சுருளின் தம்ளரில் துள்ளல் தெரிந்தது. கைலென்சில் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். என் நெஞ்சு படபடத்தது. பறவைப் புழுவின் செர்காரியாவுக்குக் கண்புள்ளி உண்டு, கால்நடை சிஸ்டோசோமாவின் செர்காரியாவுக்குக் கண்புள்ளி கிடையாது. இதுதான் நான் தேடி வந்த அடையாளம். கீழே இறங்கி வந்து சித்தியிடம், "வாத்தா இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தை மத்தியானத்துக்குள் சாவடி வரை போய்விட்டது.

மூன்று மணிக்கு மாடிக்குப் போனபோது தம்ளரில் துள்ளல் அடங்கியிருந்தது. கண்ணாடியின் உட்சுவரில் மிளகை நொறுக்கித் தூவியதுபோல் புள்ளிகள் ஒட்டியிருந்தன. தலையில் அடித்துக்கொண்டேன். ரத்தப் புழுவின் செர்காரியா எதிலும் ஒட்டி உறையிட்டுக்கொள்ளாது; அதற்குத் தோல் வேண்டும், கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் சாகும். சுவரில் ஒட்டி உறைக்குள் அடங்குவது மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் ஆம்பிஸ்டோம் புழுவின் வழக்கம். புல்லில் அப்படி ஒட்டிக் காத்திருந்து மேயும் வாய்க்குள் போகும். இளங்கன்றுக்கும் ஆட்டுக்கும் கழிச்சலும் தாடைக்கடியில் நீர்க்கோப்பும் கொண்டுவருவது அதுதான். அதற்கும் கண்புள்ளி உண்டு. ஆனால் வால் ஒற்றை. நான் கண்ணைப் பார்த்தேன், வாலைப் பார்க்கவில்லை. ஒரே அடையாளத்தை வைத்துப் பெயர் சொல்லாதே என்று வகுப்பில் வருடா வருடம் சொல்கிறவள், அவசரத்தில் அதையே செய்து, ஏற்கெனவே பழி சுமந்த ஒருவர் மேல் இன்னொரு கல்லை வைத்தேன். சாவடிக்குப் போய், நான் சொன்னது தப்பு, இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் மேலமடைத் தட்டைச் சுருள்கள் நாற்பது, கண்மாய் முழுக்கத் தேடிப் பிடித்த லிம்னியா இருபது. பதினொரு மணி வாக்கில் தட்டைச் சுருள் தம்ளர்கள் மூன்றில் வேறு விதமான ஆட்டம் தெரிந்தது. வால் முன்னே இழுக்கத் தலை பின்னால் வர, நீர்மட்டத்துக்கு ஏறி, அசையாமல் தொங்கி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறின. ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்க் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சுமார் அரை மி.மீ. நீளம். வால் நுனியில் இரண்டாகப் பிளந்த கவை, கவை குட்டை. தொண்டைக் குமிழ் இல்லை. கண்புள்ளி இல்லை. கவை நீண்டு தொண்டைக் குமிழ் இருந்தால் அது மீனையோ தவளையையோ தேடிப்போகும் வேறு கூட்டம்; மனிதக் காலோடு அதற்கு வழக்கு கிடையாது. நான்கு அடையாளமும் சேர்ந்த பிறகுதான் நோட்டில் எழுதினேன்: பாலூட்டியின் சிஸ்டோசோமா. லிம்னியாத் தம்ளர்களில் கவைவால் எதுவும் வரவில்லை.

அவற்றுக்கிடையே ஒரு நத்தையின் கழுத்தோரம் வெள்ளை நூல்போல் நெளிந்த இன்னொரு சிறு புழுவைக் கண்டேன். கீட்டோகாஸ்டர் லிம்னேயி, மண்புழுவின் நீர்வாழ் உறவினன். நத்தைக்குத் தொந்தரவு செய்யாமல் அதன் மேலேயே வாழ்ந்துகொண்டு, நத்தைக்குள் நுழைய வரும் புழுக்குஞ்சையும் வெளியேறும் செர்காரியாவையும் பிடித்து விழுங்கும். வாசலிலேயே குடியிருக்கும் காவல்காரன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறட்டை விட்ட காளை

நத்தைக்குள் புழு வந்தது எங்கிருந்து? சாணத்திலோ சளியிலோ வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரித்து, மிராசிடியம் என்ற குஞ்சு வரும். அதற்கு ஆயுள் ஒரு நாள் கூட இல்லை. அதற்குள் தகுந்த நத்தையைத் துளைத்தாக வேண்டும். பிறகு நத்தைக்குள் பெருகி, செர்காரியாவாக வெளிவர ஒரு மாதத்துக்கும் மேலாகும். இந்தக் கணக்கு மட்டுமே வாத்துக்காரரை விடுவிக்கப் போதுமானது. அவர் வந்து பத்து நாள். பத்து நாளுக்கு முன் விழுந்த எச்சம், எந்தப் பறவைப் புழுவாக இருந்தாலும், நடவன்றைக்குச் செர்காரியா ஆகியிருக்காது.

கால்நடை மருத்துவரான என் தோழி மறுவாரம் வந்தாள். மாட்டுத் துறைக்குப் போகும் வழியில் ஒரு தொழுவத்தில் காளை ஒன்று நின்றபடியே கரகரவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "எத்தன நாளா இப்பிடி?" என்றாள். "அது ரெண்டு வருசமா கொறட்ட விடும், நல்லா உழும் டாக்டரம்மா" என்றார் வீட்டுக்காரர். மூக்குத் துவாரத்துக்குள் காலிஃபிளவர் போன்ற சதைவளர்ச்சி. சளியைத் துடைத்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்தபோது வளைதடி வடிவில் முட்டைகள். அந்த வடிவம் சிஸ்டோசோமா நேசேலுக்கே உரியது, 1933-இல் எம். ஏ. என். ராவ் விவரித்த இனம். மூக்கின் ரத்தக் குழாய்களில் வாழ்ந்து, முட்டையைச் சளியோடு வெளியேற்றும். மாடு குடிக்கக் குனியும்போது மூக்கு தண்ணீரில்தான் இருக்கிறது. முட்டை நேராக நத்தையின் வீட்டு வாசலில் விழுகிறது. எருமைக்கு இந்தப் புழு இருந்தாலும் பெரும்பாலும் குறட்டை வராது, வெளியே தெரியாமலே சுமக்கும். குடல் ரத்தக் குழாய்களில் வாழும் இன்னொரு இனமான சிஸ்டோசோமா ஸ்பிண்டேலின் கதிர்போன்ற முட்டையைச் சாணத்தில் தேடினோம். அன்றைக்கு எடுத்தவற்றில் அகப்படவில்லை. இரண்டுக்கும் நம் நாட்டில் முக்கிய நத்தை அதே தட்டைச் சுருள். செர்காரியாவை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முயல்வது வம்பு. அதனால் என் குறிப்பில் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

சாவடியில் இதைச் சொன்ன அன்று, தம்ளரைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். முதல் கேள்வி, மனிதருக்குள்ளே இது வளருமா என்பது. வளராது, தோலோடு சரி. மனித சிஸ்டோசோமா இந்தியாவில் இருந்ததற்கு ஒரு சான்று உண்டு. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்துக் கிம்வியில் 1952-இல் காட்கிலும் ஷாவும் அதை வெளியிட்டார்கள். அங்கே சுமந்தது ஃபெரிசியா என்ற குட்டித் தொப்பி நத்தை. நம் கண்மாய் அரிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை இரண்டு தடவை சொன்னேன். பயத்தில் நடவுக்கு ஆள் வராமல் போனால் கூலியை இழப்பது அந்தப் பெண்கள்தான்.

இரண்டாவது கேள்வி, மருந்தடிக்கலாமா என்பது. கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். நத்தையைக் கொல்லும் மருந்து மீனையும் கொல்லும். கண்மாயில் மீன் குத்தகை இருக்கிறது. அதைவிட முக்கியம், நத்தையைத் தின்கிறவற்றையும் அது கொல்லும். சல்லடையில் விழுந்த நீர்மூட்டைப்பூச்சி டிப்லோனிகஸ், முட்டைகளை முதுகில் சுமக்கும் தகப்பன் பூச்சி, இளம் நத்தைகளைக் குத்தி உறிஞ்சும். நத்தை தின்னும் அட்டைகள் உண்டு. மருந்தடித்தால் முதலில் திரும்பி வருவது நத்தைதான். தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளக்கூடிய தட்டைச் சுருளுக்கு, பிழைத்தது ஒன்று போதும்.

ஊர் செய்தவை எளியவை. போர் மோட்டார் அருகே மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். குளிப்பாட்டும் துறையை மேலமடையிலிருந்து கலுங்குக்குக் கீழே மாற்றினார்கள்; இதற்குத்தான் சண்டை அதிகம், தூரம் கூடுகிறதே. மேலமடை ஓரத்து ஆகாயத்தாமரையை வாரி வெயிலில் போட்டார்கள். நத்தை முட்டையும் சேர்ந்து காய்ந்தது. குறட்டைக் காளைக்குத் தோழி சிகிச்சை தொடங்கினாள். பெண்களுக்கு நான் சொன்னது, கரையேறியதும் காயவிடாமல் உடனே துண்டால் அழுத்தித் துடைக்க வேண்டும் என்பது. அந்தச் சுருக்கென்ற குத்தல் உள்ளே நுழையும் நேரம். இறங்குமுன் காலில் வேப்பெண்ணெய் தடவுவதை அவர்களே ஆரம்பித்தார்கள். குத்தல் குறைகிறது என்கிறார்கள்.

அடுத்த ஐப்பசியில் மேலமடையில் நட்ட ஒன்பது பேரில் மூன்று பேருக்குத் தடிப்பு வந்தது, லேசாக. அந்த வருடம் மழையும் பிந்தியது, தண்ணீரும் குறைவு. ஆகையால் தொட்டிதான் காரணம் என்று நான் எழுத மாட்டேன்.

வாத்துக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. மேலூர்ப் பக்கம் மேய்த்துக்கொண்டிருந்தார். அபராதப் பணத்தைச் சித்தப்பாவும் இன்னும் இருவரும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாங்கி மடியில் முடிந்துகொண்டு, "அன்னைக்கு ராத்திரி எங்க பட்டிய எங்கிட்டு அடைக்கிறதுன்னு தெரியாம ரோட்டுலயே நின்னோம்ணே" என்று மட்டும் சொன்னாராம். இப்போது முதல் போக அறுப்பு முடிந்ததும், தொளி உழவுக்கு முன் ஒரு வாரம், வாத்தை மேலமடை வாய்க்காலில் விடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வாத்து தட்டைச் சுருளை ஓட்டோடு விழுங்கும்.

அவர் வரத் தொடங்கிய பிறகு லிம்னியாக்களையும் மாதம் ஒருமுறை தம்ளரில் போட்டுப் பார்க்கிறேன். வாத்துக்கென்று ஒரு புழு உண்டு, அதற்கேற்ற நத்தையும் கீழமடையில் இருக்கிறது. அன்றைக்கு இல்லை என்பதால் என்றைக்கும் இல்லை என்றாகாது. போன மாதம் முப்பது லிம்னியா. வாலைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். கவைவால் இல்லை. ஒன்றில் மட்டும் கழுத்துப்பட்டையில் முள் வரிசை கொண்ட ஒற்றைவால் செர்காரியா வந்தது. அது எக்கினோஸ்டோம், காலை ஒன்றும் செய்யாது. அடுத்த தம்ளர் வரிசை பவுர்ணமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை.